எண்ணெய் வைக்காத தலை

கள்ளக்குறிச்சியில் அந்த வருஷம் ஈரத் தலைக்கு டிரையர் போட்டு, படிய வைத்து, அழகாக அசையவும் வைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பெங்களூரில் ஒரு பெரிய பார்லரில் இரண்டு வருஷம் நின்று கற்றுக்கொண்டு, ஒரு டிரையர், மூன்று உருண்டை பிரஷ், ஒரு டப்பா கிளிப்போடு வந்து, கச்சிராப்பாளையம் ரோட்டில் ஒரு மருந்துக்கடை மாடியில் ‘ரெஜினா லேடீஸ் பியூட்டி பார்லர்’ என்று போர்டு மாட்டினேன். எங்கள் அப்பா மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, “பேரப் போடாம இருந்திருக்கலாம்மா” என்றார். பேரைப் போடாவிட்டால் வேலையை யார் செய்தது என்று ஊருக்கு எப்படித் தெரியும்?

ஊர்ப் பெண்கள் என் கடைக்கு நேராக வரமாட்டார்கள். மருந்துக்கடைக்கு வருகிற மாதிரி வந்து, பக்கத்துப் படியில் சட்டென்று ஏறி, புருவம் திருத்திக்கொண்டு, இறங்கும்போது ஞாபகமாக ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போவார்கள். மருந்துக்கடைக்காரருக்கு என்னால் நல்ல வியாபாரம். மாதத்துக்கு ஒன்றிரண்டு கல்யாணப் பெண் வரும். அதற்கு ஜடை, பூ, நெத்திச்சுட்டி. டிரையர் போட்டுக்கொள்ள மட்டும் ஒரு ஆள் வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் எண்ணெய் வைக்காத தலை என்றால் ஒன்று காய்ச்சல்காரத் தலை, இல்லை துக்க வீட்டுத் தலை. எண்ணெயும் இல்லாமல் பின்னாமலும் ஒருத்தி தெருவில் போனால், “யாருக்கு இன்னா ஆச்சு?” என்றுதான் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் நான் ஒன்பது மாதமாக டிரையரைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மறியல் வந்தது. எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்றார்கள். ஒரு வாரம் என்றால் நிஜமாகவே ஒரு வாரம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டு, மரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பேப்பர் இல்லை. திருக்கோவிலூரில் கட்டிக்கொடுத்த பெண் எப்படி இருக்கிறாளோ என்று இங்கே அம்மாக்கள் அழுதார்கள். கடைத்தெரு முழுக்கக் கதவு சாத்தியிருந்தது. நானும் பாதிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ஒரு பெண் படியேறி வந்தாள். பக்கத்துப் படியில் அல்ல, தெருவைப் பார்த்த முன்படியில். வந்தவள் தங்கமணி. ஊருக்கு மேற்கே கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே அவர்கள் வீடு. அப்பா கிடையாது. அம்மா பெரியம்மாளும் அண்ணன் சின்னராசுவும்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அவளை பி.ஏ. வரைக்கும் படிக்க வைத்தார்கள். இருபத்திரண்டு வயசு. அவளைத் தெரியாதவர்களுக்கும் அவள் குரல் தெரியும். எந்த ஸ்கூல் விழாவானாலும், எந்தக் கோயில் திருவிழாவானாலும் மைக் அவள் கையில்தான் இருக்கும். காணாமல் போன குழந்தையின் சட்டைக் கலரை அவள் அறிவித்தால்கூட நின்று கேட்கத் தோன்றும்.

“யக்கா, முடி செட் பண்ணணும். நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு நான் வெள்ளிமலைல நிக்கணும்” என்றாள்.

“வெள்ளிமலைக்கா? பஸ்ஸே இல்லையே. அங்க இன்னா?”

ஒரே மூச்சில் சொன்னாள். மெட்ராஸிலிருந்து டிவிக்காரர்கள் வெள்ளிமலைக்கு வந்திருக்கிறார்கள். மலை விவசாயத்தைப் பற்றிப் படம் எடுக்க வந்தவர்கள், மறியலில் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். நிகழ்ச்சியை நின்று பேசி நடத்த வேண்டிய பெண்ணால் மெட்ராஸிலிருந்து புறப்படவே முடியவில்லை. அவர்களுக்கு ஜீப் ஓட்டுகிற இளவரசன் தங்கமணிக்கு மாமா பையன். எங்க ஊர்ல ஒரு பொண்ணு இருக்குது, பேசினா கணீர்னு இருக்கும் என்று சொல்லியிருக்கிறான். புரொடியூசர் ஒரு அம்மா. சரி, கூட்டிக்கொண்டு வா, பேச வைத்துப் பார்க்கிறேன், நன்றாக இருந்தால் இந்த நிகழ்ச்சி மட்டும் இல்லை, மெட்ராஸில் நிரந்தரமாகவே கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் ஒன்பது மணி. அதற்கு அடுத்த நாள் யாராவது வேறு பெண் வந்துவிட்டால் போச்சு.

“ஒண்ணு மட்டும் கண்டிசனா சொல்லி அனுப்பிக்கிறாங்கக்கா. தலையில எண்ணெ இருக்கக் கூடாதாம். வெயில்ல, லைட்ல, நெத்தியெல்லாம் மின்னுமாம். முடி அலையா, லேசா இருக்கணுமாம். எனக்கு இது வேணும்க்கா. கரும்புக் கொல்லைல சோகை எலை உரிச்சுக்கினே என் தொண்டை காஞ்சு போயிடும்.”

நான் எழுந்து சாத்தியிருந்த பாதிக் கதவையும் திறந்தேன்.

“உக்காரு” என்றேன்.

அவள் தலையில் இருபத்திரண்டு வருஷத்து எண்ணெய் இருந்தது. தண்ணீர் ஊற்றிவிட்டுத் தேய்த்தால் எண்ணெய் போகாது, வழுக்கிக்கொண்டு ஓடும். முதலில் உலர்ந்த தலையிலேயே ஷாம்பூவை ஊற்றி விரல் நுனியால் பிசைய வேண்டும். எண்ணெயும் ஷாம்பூவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட பிறகுதான் தண்ணீர். அதற்கப்புறம் இன்னும் இரண்டு தடவை. மூன்றாவது தடவை முடியை விரலால் இழுத்தால் கிறீச்சென்று சத்தம் வரவேண்டும். வந்தது. துண்டால் தேய்க்கவில்லை, ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஈர முடியைத் துண்டால் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

பிறகு காத்திருந்தோம். எங்கள் ஊர் கரண்டை நான் நன்றாக அறிவேன். மத்தியானம் ஒன்றேகால் மணிக்கு பம்ப் செட்டுகளுக்கு விடுகிற கரண்டை நிறுத்துவார்கள். அதுவரைக்கும் என் டிரையர் முனகும். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்து பேசும். ஒன்றேகாலுக்கு டியூப் லைட் பளிச்சென்று ஆனது. நான் பிரஷைக் கையில் எடுத்தேன்.

முடியை நான்காகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு மேலே தூக்கினேன். பிடரியிலிருந்து ஆரம்பம். கீழே முடியாமல் மேலே போகக் கூடாது. ஒரு விரல் கனத்துக்கு முடியை எடுத்து, உருண்டை பிரஷை வேரில் கொடுத்து, இழுத்த பிடி இளகாமல் நுனி வரைக்கும் கொண்டுவந்து, அதன் கூடவே காற்றையும் மேலிருந்து கீழாகக் கொண்டுவர வேண்டும். காற்று எதிரே அடித்தால் முடி சிலிர்த்துக்கொள்ளும். நுனிக்கு வந்ததும் பிரஷில் சுருட்டி, சூடு ஏறியதும் டிரையரை எடுத்துவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆறுகிறவரைக்கும். இதுதான் யாருக்கும் பொறுமை இல்லாத இடம். சூட்டோடு விட்டால் முடி ஐந்து நிமிஷத்தில் பழைய புத்திக்கே போய்விடும். ஆறிய பிறகு விட்டால் சொன்ன பேச்சுக் கேட்கும். சூடு, இழுப்பு, ஆறவிடுவது. மொத்த வித்தையும் இந்த மூன்றுதான்.

தங்கமணி கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் தோள் விறைத்துக்கொண்டு இருந்தது. வெதுவெதுப்பான காற்று பிடரியில் நாலு தடவை போய்வந்ததும் தோள் இறங்கியது. பக்கவாட்டுக்கு வரும்போது உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. “தூக்கம் வருதுக்கா” என்றாள். நல்ல கையில் தலையைக் கொடுத்தால் அப்படித்தான் வரும்.

உச்சியைக் கடைசியாக முடித்து, விரலால் ஒரு தடவை கோதிவிட்டு, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். அவள் கண்ணைத் திறந்தாள். தலையை இடது பக்கம் திருப்பினாள், வலது பக்கம் திருப்பினாள். முடி கூடவே போய்க் கூடவே திரும்பியது. தோளில் விழுந்த இடத்தில் உள்ளே மடிந்து நின்றது.

“தலை கனமே இல்லக்கா” என்றாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து, அந்த மைக் குரலில், “வணக்கம். வெள்ளிமலையிலிருந்து தங்கமணி” என்றாள். ஒன்பது மாதம் துடைத்து வைத்த டிரையருக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் கிடைத்தது.

அவளைக் கூட்டிப்போக அம்மா பெரியம்மாள் வந்திருந்தாள். முன்படி ஏறி வந்தவள் வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே கால் வைக்கவில்லை. மகளின் தலையைப் பார்த்தாள்.

“இன்னாடி இது, எழவு வூட்ல இருந்து எழுந்து வந்தாப்பல?”

“நாளைக்கு வரைக்கும் இப்டியே இருக்கணும்மா” என்றேன் நான். “எண்ணெ வெக்கக் கூடாது, தண்ணி படக் கூடாது, பூ வெக்கக் கூடாது. ராத்திரி இந்த ஸ்கார்ப கட்டிக்கினு படுக்கட்டும். சொட்டு எண்ணெ பட்டாலும் வேலை போச்சு.”

பெரியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சரி, வெக்கல” என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரில் பேர். நானும் நம்பினேன்.

ஆனால் என் வேலையை ஜீப் காற்றின் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார என்னால் முடியாது. நானும் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். டிரையர், பிரஷ், கிளிப், இரண்டு ஷாம்பு பாக்கெட், எல்லாவற்றையும் ஒரு சூட்கேஸில் வைத்துக்கொண்டு மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன்.

அடிவாரம் வரைக்கும் டிராக்டர். மறியலில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கூழ் அண்டா கொண்டுபோகிற டிராக்டர் என்பதால் யாரும் நிறுத்தவில்லை. தங்கமணி ஸ்கார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மலைக்கு ஏறுகிற இடத்துக்கு முன்னால் ஒரு பெரிய புளியமரம் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. விழும்போது கரண்டுக் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் இளவரசனின் ஜீப் நின்றது. மரத்தின் மேல் இருபது முப்பது பேர். அதில் ஒருவன் தங்கமணியின் அண்ணன் சின்னராசு.

“யாருமா நீங்க, எங்க போறீங்க?” என்று முன்னால் இருந்தவர் கேட்டார்.

“எந் தங்கச்சிங்க. வேலைக்கு டெஸ்ட்டு, வெள்ளிமலைல” என்றான் சின்னராசு.

அவர் ஒரு நிமிஷம் தங்கமணியைப் பார்த்தார். “வேலைக்காகத்தானடா நாம இங்க மூணு நாளா படுத்துக்கினு இருக்கோம். தூக்குங்கடா அந்தப் பொட்டிய” என்றார்.

பத்து பேர் எழுந்தார்கள். கிளைகளுக்கு நடுவே ஆள் புகுந்து போக வேண்டும். “தலைய யாரும் தொடக் கூடாது! கிளை படக் கூடாது!” என்று நான் கத்தினேன். எனக்கு அங்கே என்ன அதிகாரம் என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தங்கமணி குனிந்து நடந்து அந்தப் பக்கம் போனாள். ஒரு இலைகூட அவள் மேல் படவில்லை. சின்னராசு என் சூட்கேஸைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து ஜீப்பில் வைத்தான். “நல்லா பேசு” என்றான் தங்கச்சியிடம். அவ்வளவுதான் பேசினான்.

ஜீப் வளைந்து வளைந்து ஏறியது. பாதி மலையில் எனக்கு ஒரு வாசம் வந்தது. கோயில் விளக்கு வாசம். இளவரசன் ஜீப்பில் சாமி படத்துக்கு விளக்கு வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு வெள்ளிமலை. இருசம்மாள் என்ற மலையாளிப் பழங்குடிக் கிழவியின் டீக்கடைக்குப் பின்னால் நிழல் இருந்தது. தங்கமணியை ஒரு கல்லில் உட்கார வைத்து, ஸ்கார்பை அவிழ்த்தேன்.

உச்சியில் முடி கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய். சொட்டு இல்லை, ஒரு உள்ளங்கை. இலுப்பெண்ணெய். நெற்றியோரம் வழிந்து, பக்கவாட்டு முடியையும் பிடித்து, நேற்று அவ்வளவு நேரம் நான் நின்று ஆறவைத்த அலையெல்லாம் கயிறு கயிறாகத் தொங்கியது.

“இன்னாடி இது!” நான் போட்ட சத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “படிச்சுப் படிச்சு சொன்னேனே! எண்ணெ வெக்காதன்னு சொன்னேனா இல்லியா?”

தங்கமணி அழ ஆரம்பித்தாள். “அம்மா எண்ணெ வெக்கலக்கா. காலைல அய்யனார் கோயிலுக்குப் போய், வெளக்கு எண்ணெய எடுத்தாந்து உச்சில தேச்சாங்க. நல்ல காரியத்துக்குப் போனா எங்க வூட்ல எல்லாருக்கும் தேய்ப்பாங்க. அம்மாவுக்கு அது எண்ணெ இல்லக்கா. பிரசாதம்.”

“உனக்குத் தெரியும் இல்ல? கைய தட்டி வுட வேண்டியதுதான?”

“அவங்க கண்ண மூடிக்கினு சாமி கும்பிட்டுக்கினே தேச்சாங்கக்கா. எப்டிக்கா தட்டி வுடுறது?”

எங்கள் மாதா கோயிலிலும் சாமியார் எண்ணெய் தொட்டு நெற்றியில் வைப்பார். ஆனால் ஒரு புள்ளி வைப்பார். அய்யனாரின் விளக்கை அப்படியே கவிழ்த்துக்கொண்டு வரமாட்டார்! கோபம் தலைக்கு ஏறியது. அந்தக் கோபத்தோடேயே சூட்கேஸைத் திறந்து டிரையரை எடுத்துக்கொண்டு, “பிளக்கு எங்க இருக்குது?” என்றேன்.

“கரண்ட் இல்லீங்களே” என்றாள் இருசம்மாள். “மூணு நாளாச்சு. கீழ மரம் வுழுந்து கம்பி அறுந்து போச்சாம்.”

அடிவாரத்தில் என் கண்ணுக்கு நேரே கிடந்த கம்பி ஞாபகம் வந்தது. தங்கமணியின் அண்ணன் உட்கார்ந்திருந்த அதே மரம்.

இளவரசன் ஓடிப்போய் டிவிக்காரர்களின் ஜெனரேட்டரைக் கேட்டுவிட்டு வந்தான். காமிராவுக்கே இழுத்துப் பிடித்து ஓட்டுகிறார்களாம், டிரையர் போட்டால் நின்றுவிடுமாம். கூடவே புரொடியூசர் அம்மா சொல்லி அனுப்பியது: ஒன்பது மணி, ஒன்பதே கால் ஆனாலும் வெயில் ஏறிவிடும், அப்புறம் எடுக்க முடியாது.

மணி எட்டேகால். தங்கமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பின்னிக்கினு போயிடறேன்க்கா. வேணாம்னு சொன்னா திரும்பிடலாம்” என்றாள்.

அந்த வார்த்தைதான் என்னை நிமிர்த்தியது. நான் டிரையரைச் சூட்கேஸில் போட்டு மூடினேன். முடிக்கு மெஷின் தெரியுமா என்ன? அதற்குத் தெரிந்தது சூடும் இழுப்பும் ஆறுதலும்தான். இழுக்க என்னிடம் பிரஷ் இருக்கிறது. ஆறவைக்க மலைக்காற்று இருக்கிறது. சூடுதானே வேண்டும்?

“ஏம்மா, அடுப்புல நெருப்பு இருக்குதா? ஒரு மூங்கில் கூடை, ஒரு மொறம் குடுங்க” என்றேன்.

உலர்ந்த தலையிலேயே ஷாம்பு, பிறகு தண்ணீர், மறுபடியும் ஷாம்பு. இலுப்பெண்ணெய் லேசில் போகிற ஜாதி இல்லை. இரண்டு பாக்கெட்டும் தீர்ந்தது. கடைசியில் இருசம்மாள் சீயக்காய்த் தூள் கொண்டுவந்து கொடுத்தாள். கிறீச்சென்று சத்தம் வந்தபோது எட்டரை. மலைத் தண்ணீரின் குளிரில் தங்கமணிக்குப் பல் தந்தியடித்தது. “நடுங்காத, முடி நடுங்கும்” என்று அதட்டினேன்.

தணலை ஒரு இரும்புச் சட்டியில் வாரி, மேலே சாம்பல் பூக்கிறவரைக்கும் விட்டேன். புகை வரக் கூடாது, சுடரும் கூடாது. கூடையை அதன் மேல் கவிழ்த்தேன். பிள்ளை பெற்றவளுக்குத் தலை காயவைக்கச் சாம்பிராணி போடுவார்களே, அந்த மாதிரிதான். சாம்பிராணி மட்டும் இல்லை. தங்கமணியைச் சாய்ந்து உட்காரச் சொல்லி, முடியைக் கூடைமேல் பரப்பினேன். இருசம்மாள் பக்கத்தில் குந்தி முறத்தால் விசிற, கூடையின் இடுக்கு வழியாகச் சூடான காற்று எழுந்து வந்தது. புறங்கையை நீட்டிப் பார்த்தேன். என் டிரையரின் இரண்டாவது பட்டனில் வருகிற அதே சூடு.

முக்கால்வாசி உலர்ந்ததும் கிளிப் போட்டுப் பிரித்தேன். பிடரியிலிருந்து ஆரம்பம். அவசரம் என்பதற்காக மேலேயிருந்து ஆரம்பிக்கிறவள் இல்லை நான். கொத்து கொத்தாக எடுத்து, பிரஷில் கொடுத்து, கூடைமேல் காட்டி, இழுத்து, சுருட்டி, சூடு ஏறியதும் அப்படியே கூடையை விட்டுத் தள்ளிப் பிடித்தேன். மலைக்காற்று ஒரு நொடியில் ஆறவைத்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் ஒரு கொத்து ஆறுவதற்கு நான் நூறு எண்ணுவேன். இங்கே இருபது போதுமாக இருந்தது. இதெல்லாம் எனக்கு பெங்களூரில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருசம்மாளுக்குக் கை வலித்து முறத்தை இளவரசனிடம் கொடுத்தாள். அவன் டீக்கடைக் கூட்டத்தைச் சுற்றிலும் கூட்டிக்கொண்டு விசிறினான். “வேகமா வேணாம், சாம்பல் பறக்கும்” என்று அவனுக்கும் ஒரு அதட்டல்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது உச்சியை முடித்தேன். விரலால் கோதினேன். நேற்று என் கடையில் என்ன செய்தேனோ அதே தலை. இல்லை, அதைவிட நல்ல தலை. நான் பொய் சொல்லமாட்டேன், அதுவும் என் வேலையைப் பற்றி. புகை வாசம் கொஞ்சம் இருந்தது. டிவியில் வாசம் தெரியாது.

புரொடியூசர் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, மூன்று நாள் குளிர் நீரில் அலசிச் சிலும்பிப் போன தலையோடு நின்றிருந்தார். தங்கமணியைப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார்.

“தலை யார் பண்ணது? மெட்ராஸ்லயா?”

“கள்ளக்குறிச்சிங்க. ரெஜினா லேடீஸ் பியூட்டி பார்லர்” என்றேன். முகவரியும் சொன்னேன்.

சாமை வயலுக்கு நடுவே தங்கமணியை நிறுத்தினார்கள். பேச வேண்டியதை எழுதிக் கொடுத்த தாளை ஒரு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். காமிரா ஓடியது. “வணக்கம்” என்று அவள் ஆரம்பித்தபோது மலையிலிருந்து ஒரு காற்று வந்து வயல் முழுக்கப் படுத்து எழுந்தது. அவள் முடியும் எழுந்தது. எழுந்து, தோளில் அதே இடத்தில், அதே மடிப்போடு உட்கார்ந்தது. அவள் பேச்சை நிறுத்தவில்லை, கையால் முடியை ஒதுக்கவும் இல்லை. ஒதுக்க வேண்டிய அவசியம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாலு நிமிஷம் தடங்கலே இல்லாமல் பேசி முடித்தாள். புரொடியூசர் அம்மா காமிராக்காரரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். “இன்னொரு தடவை வேண்டாம். உன் விலாசம் சொல்லும்மா” என்றார் அந்த அம்மா.

தங்கமணி என்னைத் தேடிப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அழாமல் என்ன செய்வேன்?

ஊருக்குத் திரும்பியதும் நேராகப் பெரியம்மாளிடம்தான் போனேன். சண்டை போடுவதற்கென்றே போனேன். “எண்ணெ வெக்க மாட்டேன்னு சொன்னீங்களேம்மா!”

அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. “எண்ணெ எங்க வெச்சேன்? பிரசாதம்தான வெச்சேன்?” என்றாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, “அதனாலதான வேலை கெடைச்சுது. அய்யனாரு கைவுடல பாத்தியா?” என்றாள். தணலில் என் புறங்கை இரண்டு இடத்தில் கொப்பளித்திருந்தது. அதைக் காட்டலாமா என்று நினைத்தேன். காட்டாமல் வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் பஞ்சாயத்து டிவியில் அந்த நிகழ்ச்சி வந்தது. பெரியம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாளாம். மறியல் மரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட வந்திருந்தார்களாம். காற்றில் முடி எழுந்து உட்கார்ந்த இடத்தில் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் “அடேயப்பா” என்றார்களாம். சின்னராசு சொன்னான். அதற்கப்புறம் என் கடைக்கு முன்படியில் ஏறி வர ஆரம்பித்தார்கள். தலைவலி மாத்திரை வியாபாரம்தான் கொஞ்சம் கம்மியாகிவிட்டது. கார்த்திகையில் தங்கமணிக்குக் கடிதம் வந்து மெட்ராஸுக்குப் போனாள்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு முன்படியில் காலடிச் சத்தம். பெரியம்மாள். வாசலோடு நின்றாள். நான் எழுந்தேன். அவள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை, மடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“நாளைக்கு மெட்ராஸ் போறேன். பொண்ணு அவ ஆபீசுக்கு வரச் சொல்லிக்கிறா. எங்கம்மான்னு எல்லாருக்கும் காட்டணுமாம். அவ பக்கத்துல நிக்கிறப்ப எனக்கும் அதே மாரி இருக்கட்டும்.”

“அன்னிக்கி எழவு வூடுன்னீங்க?”

“சொன்னேன். அதுக்கு இன்னா இப்ப?” என்றாள் வெடுக்கென்று. பிறகு கொண்டையை அவிழ்த்தாள். பாதி நரைத்த முடி தோளில் விழுந்தது. என் கையைப் பிடித்து இழுத்து அவள் உச்சியில் வைத்தாள்.

“நாலு நாளா எண்ணெ வெக்கல. காலைல கோயிலுக்குப் போனேன், பிரசாதமும் வெக்கல. தொட்டுப் பாரு.”

தொட்டுப் பார்த்தேன். பொட்டு எண்ணெய் இல்லை. ஐம்பது வயசில் முதல் தடவையாக அப்படியே தெருவில் நடந்து வந்திருக்கிறாள், யாருக்கு இன்னா ஆச்சு என்று எத்தனை பேர் கேட்டார்களோ. ஒன்றேகாலுக்குத்தான் கரண்ட் வாயைத் திறக்கும். அதற்குள் தலையை அலசி முடித்துவிடலாம். நான் துண்டை எடுத்து அவள் தோளில் போட்டேன்.